‘சின்ன மாமியே’ பாட்டை இப்படியும் பாடலாமா?

உவர்மலையான்:
போன சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் நாலைந்து இளம் பிள்ளைகள் கிற்றாரோடு இருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை எங்கள் ஈழத்துப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டை எடுத்தது. ஆடவைக்கிற பைலாத் தாளம் இல்லை, கைதட்டல் இல்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, மெல்ல மெல்லப் பாடியது. கலியாண வீடுகளில் நான் நூறு தரம் ஆடிய பாட்டு. மாமியிடம் மகள் எங்கே, பள்ளிக்குப் போனாளா என்று குறும்பாகக் கேட்கிற பாட்டு. அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி மட்டும் தனியாகக் கேட்டது: மகள் எங்கே? அதே கேள்வியை, காணாமல்போன பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக் கேட்டுத் திரிகிற தாய்மார் இருக்கிற ஊர் இது. பக்கத்தில் கடலை விற்ற அம்மா, பாதி சுற்றிய கடதாசிச் சுருளைக் கையில் வைத்தபடி பாட்டு முடியும்வரை நின்றார். ஒருவரின் பாட்டை இன்னொருவர் பாடுகிற கவர் பாடல்கள் எல்லாம் வெறும் நகல் என்று நினைத்திருந்தேன். இனி அப்படிச் சொல்லமாட்டேன்.

பைலா ரசிகன்:
தம்பி, உங்கள் கண் கலங்கியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாட்டையும் பாதி வேகத்துக்கு இறக்கினால் சோகமாகத்தான் கேட்கும். அதைப் புது அர்த்தம் என்று எப்படிச் சொல்வது? ஈழத்துப் பொப் பாடல்கள் வந்தபோது எங்கள் பேச்சிலேயே ஆடிப் பாட ஒரு பாட்டுக் கிடைத்தது பெரிய விஷயம். பிறகு யுத்தம் வந்து நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டும் என்று பகல் மூன்று மணிக்கே கலியாணக் கொண்டாட்டத்தை முடித்த வருடங்களிலும், இந்தப் பாட்டு வந்தால் கிழவர்களும் எழும்பி ஆடினார்கள். அந்தச் சிரிப்பைக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அழுவதற்கு எங்களிடம் பாட்டுப் பஞ்சம் இல்லையே. இதையும் ஏன் எடுக்கிறீர்கள்?

கீபோட் பொடியன்:
அண்ணை, கலியாண வீடுகளில் வாசிக்கிறவன் நான். சந்தோஷமாகக் கேட்கிற மேஜர் சுரங்களைச் சோகமான மைனராக்கி அழவைப்பது சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பைலா ஆறு-எட்டில் ஓடுகிற தாளம். அது காலைப் பிடித்து இழுக்கும்போது காது சொல்லைத் தவறவிடும். தாளத்தை எடுத்தால் சொல் மேலே வரும். உள்ளே கிடந்ததுதான் வந்தது.

அமெரிக்கப் பாடகர் ஜோனி காஷைப் பாருங்கள். ‘ஹர்ட்’ 1994இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ரொக் குழு வெளியிட்ட பாட்டு. அந்தக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் இருபதுகளில் எழுதியது. 2002இல் காஷின் குரலில் வந்தபோது காஷுக்கு வயது 70. மூலத்தில் கிரீடத்தோடு ஒரு கெட்ட வார்த்தை வரும், அந்த ஒரு சொல்லை மாற்றி முள்முடி ஆக்கினார். தன்னையே வெறுக்கிற இளைஞனின் பாட்டு, வாழ்ந்து முடித்த கிழவர் கணக்குப் பார்க்கிற பாட்டாகிவிட்டது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். வீடியோவைப் பார்த்த ரெஸ்னரே, இது இனி என் பாட்டு இல்லை என்றார்.

பைலா ரசிகன்:
அந்த உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. மூலமே துயரப் பாட்டு. ஆள் மாறினார், துயரம் மாறவில்லை. பகிடியை ஒப்பாரி ஆக்குவது வேறு. எங்கள் பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடித் திரிந்த ‘சுராங்கனி’, 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குப் போனது. கொண்டாட்டம் கொண்டாட்டமாகவே கடல் தாண்டியது.

மடத்தடி அக்கா:
நானும் ஒன்று சொல்லட்டுமா? சம்பந்தர் எங்கள் கோணேசர்மேல் பாடிய ‘நிரைகழல் அரவம்’ பதிகத்துக்குப் பண் புறநீர்மை. பூபாளத்தில் பாடுவார்கள், விடியலுக்கு உரிய ராகம். ஒலிக்கிற கடலின் அலை முத்துக் கொழிக்கும் மலை என்று அதில் வரும். 2004 சுனாமியில் போன எங்கள் உறவுக்காரப் பிள்ளையின் முப்பத்தோராம் நாளில், ஒரு பெரியவர் அதைத் தாளம் இல்லாமல் விருத்தமாக இழுத்துப் பாடினார். கடல் என்ற சொல் வந்ததும் வீட்டில் இருந்த ஒருவரும் நிமிரவில்லை. அப்புறம் எத்தனையோ காலை கோயிலில் அதே பதிகத்தைக் கேட்டுவிட்டேன், சந்தோஷமாகத்தான் கேட்கிறது. ஒன்று மற்றதைத் தின்னவில்லை அண்ணை.

பைலா ரசிகன்:
பிள்ளை, நீங்கள் சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். ஆனால் பதிகத்துக்குக் கோயில் இருக்கிறது, தினமும் அதன் இடத்தில் பாடுகிறார்கள். ‘சின்ன மாமியே’க்கு என்ன இருக்கிறது? இந்தப் பிள்ளைகள் ஆட்டப் பாட்டைக் கேட்டிருக்கிறார்களா என்பதுதான் என் பயம்.

உவர்மலையான்:
அண்ணை, அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அம்மம்மா நித்திரையாக்கும்போது முணுமுணுத்த பாட்டாம். அப்படித்தான் தெரியுமாம். பைலாவாகக் கேட்டதே இல்லையாம்.

பைலா ரசிகன்:
அப்படியென்றால் நான் பயந்தது சரிதான். என்னிடம் பழைய கசெட் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் இரையும், ஆனால் பாடும். சனிக்கிழமை அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள்?