பூதலூர் ‘மிலிட்டரி’ ஐயா: பழகினவங்க எழுதுங்க

லைன்கரை வீட்டுக்காரன்:

திருச்சி–தஞ்சாவூர் ரயில் பாதையில், பூதலூர் பக்கம் கீமேனாகவும் (தினமும் லைனில் நடந்து தண்டவாளத்தைச் சோதிக்கிறவர்) அப்புறம் கேங்குக்கு மேஸ்திரியாகவும் இருந்து ரிட்டயர் ஆன ‘மிலிட்டரி’ ஐயா தவறிட்டார். பெயர், போட்டோ எதுவும் போட வேண்டாம்னு வீட்டில் கேட்டுக்கிட்டாங்க. தெரிஞ்சவங்களுக்கு ‘மிலிட்டரி’ன்னாலே போதும்.

ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற இன்ஜினியர் படையில் இருந்துட்டு வந்து, எக்ஸ்-சர்வீஸ்மேன் ஒதுக்கீட்டில் ரயில்வேயில் கேங்மேனாக (லைன் பராமரிப்பு வேலை) சேர்ந்தவர். எங்க வீடு லைனை ஒட்டி. காலையில் அவர் லைனைச் சோதிச்சுக்கிட்டு பீட் போறதைப் பார்த்துத்தான் எங்கம்மா உலை வைப்பாங்க. தோளில் நீளக்காம்புச் சுத்தியல், கையில் ஸ்பானர், பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடக்கிறார்னு ஊரே பேசும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பர் பத்துக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ன்னு பசங்க நாங்க கணக்கு வேற போட்டு வச்சிருந்தோம்.

பழைய கேங்மேன்:

தம்பி, அதைக் கொஞ்சம் திருத்தணும். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். டூட்டியில் அவர் ஜெபம் பண்ணி நான் பார்த்ததே இல்லை. அப்ப மீட்டர் கேஜ், அதாவது குறுகின பாதை; சி.எஸ்.டி-9ங்கிற இரும்பு ஸ்லீப்பர், அதில் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கிறது சாவி. சாவி இறுகியிருந்தா சுத்தியல் பட்டதும் ‘ணங்’னு வரும், லூசானதுன்னா சத்தம் செத்துப்போய் வரும். எந்தக் கம்பத்துக்கிட்ட எத்தனை லூசுன்னு அவர் வாய்க்குள்ளேயே எண்ணிக்கிட்டுப் போவார். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மறு தண்டவாளம். ஜெபமாலை சட்டைப் பையில்தான் கிடக்கும். கேட்டா, “மாதாவுக்குச் சாயங்காலம் இருக்குடா, இப்ப பாசஞ்சருக்கு”ன்னுவார்.

மழைக்காலம் வந்தா மனுஷன் வேற ஆள். சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். 1956 நவம்பர் 23, விடியறதுக்கு முன்னாடி மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்ததே, அப்ப அவர் சின்னப் பையன். அப்பாவோட போய்ப் பார்த்திருக்கார். அதுக்காக லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா பண்ணினதைத்தான் ஊர் உலகம் பேசும். இவர் பேசினது சேத்துல கிடந்த ஒரு தூக்குச் சட்டியைப் பத்தி. மூடி கழலாம, உள்ளே கட்டுச்சோறு அப்படியே இருந்துச்சாம். மழை ராத்திரி லைனைக் காவல் பார்த்து நடக்கிற பேட்ரோலில் எவனாவது கண் அசந்தா அந்தத் தூக்குச் சட்டிக் கதையைத்தான் சொல்வார். அதுக்கு மேல திட்ட மாட்டார், திட்டவும் வேண்டியதில்லை.

ஒரு ஐப்பசி ராத்திரி நானும் அவரும் ஜோடி. வாய்க்கால் உடைச்சுக்கிட்டு, கரை அரிச்சு, ஜல்லி போய், ஸ்லீப்பர் அந்தரத்தில் தொங்குது. சிவப்பு விளக்கை என் கையில் கொடுத்து, “இங்கேயே நில்லு, எது வந்தாலும் ஆட்டு”ன்னுட்டு வண்டி வர்ற திசையில் ஓடினார். சக்கரம் ஏறினா வெடிச்சு டிரைவரை எச்சரிக்கிறது டெட்டனேட்டர். மீட்டர் கேஜுக்கு விதி, 400 மீட்டரில் ஒண்ணு, 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூணு. நான் நிக்கிற இடத்துக்கு மூணு வெடியும் அடுத்தடுத்துக் கேட்டுச்சு. அப்புறம் மழைச் சத்தம்தான். 400 மீட்டரில் வச்ச நாலாவது வெடிக்கவே இல்லை, அதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சு. டிரைவர் இறங்கி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். இவர் கையை உருவிக்கிட்டு, அந்த நாலாவதை எடுத்துத் துடைச்சுப் பைக்குள்ள போட்டார், ஸ்டோர் கணக்கில் உதைக்குமேன்னு!

பின்னாடி கொஞ்சம் ரொக்கப் பரிசு வந்துச்சு. நேரா அந்தோணியார் உண்டியலில் போட்டுட்டார். பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டிய நேரம். வீட்டில் அதுக்காக நடந்த சண்டை குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டுச்சு. அவர் சம்சாரம், அக்கா கேட்டதும் நியாயம்தான்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

லைன்கரை வீட்டுக்காரன்:

சாவி எண்ணினாரா! அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். “அந்த ஆளுக்கு என்ன தெரியும், அது ஜெபம்தான்”னு சாதிக்கிறாங்க.

பங்குப் பையன்:

எங்க இளைஞர் குழுவுக்கும் அவருக்கும் எப்பவுமே ஆகாது, அதையும் எழுதணும் இல்லையா. மரியாயின் சேனைங்கிற பக்திச் சபை ஆளு. பூசைக்கு லேட்டா வந்தா வாசல்லயே வாட்சைப் பார்ப்பார். ஒரு வருஷம் தேர்த் திருவிழாவுக்கு டிஜே பேசி வச்சிருந்தோம். தேர் கோயிலுக்குள்ள போற வரைக்கும் சவுண்ட் பாக்ஸ் முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். சாமியார் வந்து சொல்லியும் எந்திரிக்கலை. அட்வான்ஸ் போச்சு.

ஆனா ஆகஸ்டு 15 மட்டும் நாங்க அவர் பின்னாடிதான். எங்களுக்கு அன்னிக்கு மாதா விண்ணேற்புத் திருநாளும்கூட. பூசை முடிஞ்சு கொடி ஏத்தும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மெடல்களோட நிப்பார். அதில் ஒண்ணு, 1971 சண்டையில் மேற்கு எல்லையில் இருந்தவங்களுக்குக் கொடுத்த பச்சிமி ஸ்டார். அதைக் காட்டிக் கேட்டப்ப, ஒரு குச்சியை எடுத்துக் கோயில் மணலில் குந்திட்டார். கண்ணிவெடி தேடும்போது மேலேர்ந்து நேராக் குத்தக் கூடாது, சாய்வாக் குத்தணும், பக்கவாட்டில் தட்டுப்படணும், அப்புறம் விரலால் மண்ணைத் தள்ளணும். செஞ்சே காட்டினார். அந்தச் சண்டையில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்துப் பாதை முழுசாச் சுத்தமாகிறதுக்கு முன்னாடியே பூனா ஹார்ஸ் டாங்கிகள் உள்ளே போயிடுச்சு. பரம் வீர் சக்ரா வாங்கின அருண் கேத்தர்பால் இருந்த படை அது. “அவங்க போன அப்புறமும் எங்க வேலை பாக்கி இருந்துச்சு”ன்னார். சண்டையைப் பத்தி அவர் சொன்னது அவ்வளவுதான். குச்சியைப் போட்டுட்டு, எவன் மெழுகுவத்தி ஸ்டாண்டைத் துடைக்காம விட்டதுன்னு ஆரம்பிச்சுட்டார்.

நடைப்பயணி:

நான் கிறிஸ்தவன் இல்லைங்க. ஒரு வேண்டுதலுக்காக வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்தேன். ஆகஸ்டு 29 கொடியேத்தத்துக்குள்ள சேரணும்னு அவசரம், ரோட்டை விட்டுட்டு லைன் மேல ஏறிட்டோம். இவர் விசில் ஊதிக்கிட்டே ஓடி வந்து வாய்க்கு வந்தபடி திட்டி இறக்கிவிட்டார். “மாதா எங்கயும் ஓடிப்போயிட மாட்டா, ரோட்டுல போங்க!” எங்களுக்குக் கோபம்தான். ரயில்வே கேட் பக்கம் வந்து பார்த்தா, அதே ஆளு வீட்டுலேர்ந்து மோர்ப் பானை கொண்டாந்து வச்சு எல்லாருக்கும் ஊத்திக்கிட்டு நிக்கிறார். என் டம்ளரில் ஊத்தும்போதும் திட்டை விடலை.

லைன்கரை வீட்டுக்காரன்:

எல்லாத்தையும் ஐயா வீட்டில் படிச்சுக் காட்டினேன். உண்டியல் கதை வந்தப்ப அவர் சம்சாரம் ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கலை. “ரெண்டு மாசம் பேசலைன்னு எழுதச் சொல்லு”ன்னாங்க, எழுதிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு. மாலை வாங்கிட்டு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. அந்தக் காசை ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபைப் பெட்டியில் போட்டாப் போதுமாம். லேட்டா மட்டும் வந்துடாதீங்க.