மூணு காப்பியா, ரெண்டு காப்பியா?

டிடிபி தாத்தா | இரவு 8:40
நேத்து தென்காசிக்காரி நம்ம எழுத்தாளர் குழுவுல ஒண்ணு எழுதியிருந்தாங்க, படிச்சதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. "நாவல் ஃபைல் லேப்டாப்ல ஒண்ணு, கூகுள் டிரைவ்ல ஒண்ணு, எனக்கே மெயில் போட்டு வச்சது ஒண்ணு, ஆக மூணு காப்பி இருக்கு, நிம்மதியா தூங்குதேன்" அப்படின்னு. கீழ ஆஹா ஓஹோன்னு பாராட்டு வேற. தாயி, அது மூணு இல்ல, ரெண்டு. ஜிமெயிலும் டிரைவும் ஒரே அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்டு, அந்த 15 ஜிபி இடத்தையே ரெண்டுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கான். ஒரே பீரோவுல மேல்தட்டுல ஒரு வளையல் கீழ்தட்டுல ஒரு வளையல் வச்சுட்டு எங்க வீட்ல ரெண்டு பீரோன்னு சொல்ற கதையா இருக்கு. சாவி தொலைஞ்சா ரெண்டும் போச்சு. முப்பது வருஷம் திருவல்லிக்கேணில டிடிபி, அதான் கம்ப்யூட்டர்ல புத்தகம் டைப் பண்ணி பக்கம் அமைக்கிற வேலை, பாத்தவன் சொல்றேன், ரெண்டு.

தென்காசிக்காரி | 8:52
வாங்க தாத்தா, இன்னும் ஆளக் காணலியேன்னு பாத்தேன். போன மாசம் ஏழாவது அத்தியாயத்துல ஒரு பக்கம் முழுசும் செலக்ட் ஆகிக் கெடந்தது தெரியாம ஸ்பேஸ் பார தட்டிட்டேன், பாக்காம சேவும் பண்ணிட்டேன். லேப்டாப்போட சேத்து வச்சிருந்ததால டிரைவ்ல இருந்த ஃபைலும் அடுத்த நிமிசம் தானா மாறிப்போச்சு. மெயில்ல செவ்வாக்கெழம அனுப்புனது மட்டும் அப்படியே இருந்துச்சு, அதுல இருந்து எடுத்து ஒட்டுனேன். அப்போ அது தனிக் காப்பியா இல்லியா? மூணு.

லினக்ஸ் லிங்கம் | 8:58
சார், அக்கா, ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. கை தவறி அழிச்சா காப்பாத்துறது ஒண்ணு, அக்கவுண்டே லாக் ஆனா காப்பாத்துறது வேற ஒண்ணு. காப்பின்னா என்னன்னு முதல்ல பேசிக்கலாமே. பீட்டர் கிரோக்னு ஒரு போட்டோகிராஃபர் சொல்லிப் பரவின 3-2-1 கணக்கு இருக்கு, மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணாவது வீட்டுக்கு வெளிய. அதுபடி பாத்தா...

டிடிபி தாத்தா | 9:01
தம்பி, கிரோக்கு கொக்கரக்கோ எல்லாம் அப்புறம். மூணா ரெண்டா?

லினக்ஸ் லிங்கம் | 9:02
எதுக்காக எண்ணுறீங்கங்கறத பொறுத்து சார்.

டிடிபி தாத்தா | 9:03
நழுவுறான் பாருங்க. ஐடி புள்ளைங்க எல்லாம் இப்படித்தான்.

சும்மா வந்தவன் | 9:05
எனக்கு ஒரே காப்பி போதும்ணே, டிகிரி காப்பி, சக்கர கம்மியா.

இங்க் பேனா | 9:17
பேக்கப், காப்பி, டிரைவ்... தமிழ் எழுத்தாளர்கள் பேசுற எடந்தானா இது? காப்புநகல்னு ஒரு சொல் இருக்கு. அது கெடக்கட்டும், நான் நாப்பது வருஷமா கோடு போட்ட நோட்டுல எழுதுறேன். கரண்ட் போச்சுன்னு ஒரு வரி அழிஞ்சதில்ல, என் நோட்டு என்கிட்ட பாஸ்வேர்டும் கேட்டதில்ல. உங்க மூணும் வேணாம் ரெண்டும் வேணாம்.

டிடிபி தாத்தா | 9:41
பேனாக்காரரே, இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேக்கு நடந்தது தெரியுமா? 1922, பாரிஸ். அவர் அதுவரைக்கும் எழுதினத கிட்டத்தட்ட எல்லாத்தையும் அவர் சம்சாரம் ஹாட்லி ஒரு பெட்டில போட்டு எடுத்துட்டுப் போறாங்க, கார் து லியான் ஸ்டேஷன்ல பெட்டி திருடு போச்சு. பேப்பர்தான், பாஸ்வேர்டு கேக்காத பேப்பர். இதுல கொடுமை என்னன்னா அந்த கார்பன் காப்பியும் அதே பெட்டில இருந்தது. அதே பெட்டி! அவரும் தென்காசிக்காரி மாதிரி எண்ணியிருந்தா காப்பி ரெண்டுன்னு தான் சொல்லியிருப்பார்.

அவ்வளவு தூரம் எதுக்கு. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ ஜாபர்கான்பேட்டைல என் சிநேகிதர் ஒருத்தர் வீட்ல தரைத்தளம் முழுக்க தண்ணி. சிபியு, அதுல இருந்த ஃபைலை எழுதி வச்ச சிடி, கையெழுத்துப் பிரதி, மூணும் ஒரே பீரோ அடித்தட்டுல. நாலு நாள் கழிச்சு நான்தான் கூட நின்னு எடுத்தேன். சிடிய உறைய விட்டு உருவினா அந்த வெள்ளிப் பூச்சு மட்டும் உறையோட ஒட்டிக்கிட்டு, கைல கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக் வட்டம் வருது. அது வழியா அந்தப் பக்கம் செவுரு தெரிஞ்சது. மனுஷன் அத கைல வச்சுட்டு எண்ணுறார், ஒண்ணு ரெண்டு மூணுன்னு. என்னத்த எண்ண?

தென்காசிக்காரி | 9:50
கேக்கவே கஷ்டமா இருக்கு, நெசமாவே. ஆனா இதுல என் மெயில் எங்க முங்குச்சு தாத்தா? என் மெயில் குத்தாலம் ஐந்தருவிக்கு கீழயா இருக்கு?

டிடிபி தாத்தா | 10:06
கிளவுடுன்னா மேகம்னு நெனச்சுட்டீங்க. அதுவும் எங்கயோ ஒரு கட்டடத்துல சுத்துற டிஸ்க் தான். 2021 மார்ச் 10, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்ல ஓவிஹெச்னு சர்வர் வாடகைக்கு விடுற கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சது, அங்க சர்வர் வச்சிருந்தவன் சில பேரு பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்தான், எல்லாம் சேந்து போச்சு. பெரிய கம்பெனிக்காரனே ஒரே எடத்துல வச்சு ஏமாந்தான். நீங்க ஒரே அக்கவுண்ட்ல வச்சுட்டு மூணுங்கறீங்க.

இன்னொண்ணும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச கவிஞர் ஒருத்தர், பேரு வேணாம், மொபைல் நம்பர மாத்தினார், மெயில்ல மாத்த மறந்துட்டார். போன் உடைஞ்சு புதுசு வாங்கி உள்ள போகப்பாத்தா ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது. பழைய நம்பர் இப்ப யாரோ ஒரு புண்ணியவான் கைல. இவர் போன் போட்டா அந்தாளு ஃபிராடுன்னு நெனச்சு பிளாக் பண்ணிட்டான். பதினோரு வருஷ கவிதை. அவரும் மெயில்ல ஒண்ணு டிரைவ்ல ஒண்ணு தான் வச்சிருந்தார். எத்தன காப்பி மிஞ்சுச்சு? ரெண்டு ஒண்ணா இருந்ததால ஒண்ணுமே மிஞ்சல.

தென்காசிக்காரி | 10:11
அவருக்கு லேப்டாப் இல்லியா?

டிடிபி தாத்தா | 10:12
போன்லயே எழுதுறவர்.

தென்காசிக்காரி | 10:12
அப்போ என் கணக்கு வேற, அவர் கணக்கு வேற. மூணு.

லினக்ஸ் லிங்கம் | 10:20
யாராச்சும் ஒரு நிமிஷம் கேளுங்க. அக்கா, டிரைவ்லயே மேனேஜ் வெர்ஷன்ஸ்னு இருக்கு, வேர்டு ஃபைலா இருந்தா பழைய வெர்ஷன் 30 நாள் வரைக்கும் கெடைக்கும், அந்த ஏழாவது அத்தியாயத்த அங்கயே எடுத்திருக்கலாம். அழிச்சதும் ட்ராஷ்ல 30 நாள்தான், அதுக்கு மேல தானா போயிடும். ரெண்டு வருஷம் அக்கவுண்ட தொடாமலே விட்டா மொத்தமா அழிக்கவும் செய்வாங்க, 2023 டிசம்பர்ல இருந்து ஆரம்பிச்சுட்டாங்க. அதவிட முக்கியம், எடுத்து வச்சத திரும்பத் தொறந்து பாக்கணும். 2017 ஜனவரி 31 கிட்லாப்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில ஒருத்தர் ராத்திரில தப்பான சர்வர்ல டேட்டாபேஸ அழிச்சுட்டார், அஞ்சு விதமா பேக்கப் வச்சிருந்தாங்க, ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணும் உருப்படியா வரல. யதேச்சையா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு காப்பி இருந்ததால தப்பிச்சாங்க. எத்தனன்னு எண்ணுறத விட எது தொறக்குதுன்னு பாருங்க. ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி மாசம் ஒருக்கா காப்பி பண்ணி அம்மா வீட்ல வச்சுட்டா இந்த சண்டையே இல்ல.

டிடிபி தாத்தா | 10:24
பாத்தீங்களா, தம்பியே ஹார்டு டிஸ்க் வாங்குன்னு சொல்றான். ஏன்? மூணாவது இல்லாததால. ரெண்டுன்னு ஒத்துக்கிட்டான்.

லினக்ஸ் லிங்கம் | 10:25
நான் அப்படிச் சொல்லல சார்!!

சும்மா வந்தவன் | 10:31
நான் பிளாட்பாரத்துல 2 டிபி பென் டிரைவ் 350 ரூவாக்கு வாங்கினேன், அதுல போட்டா ஓகேவா?

லினக்ஸ் லிங்கம் | 10:33
ஐயோ அண்ணே அது டூப்ளிகேட். உள்ள 32 ஜிபியோ 16 ஜிபியோ தான் இருக்கும், 2 டிபின்னு காட்டும். நெறஞ்சதும் பழசு மேலயே எழுதும், பேரு மட்டும் தெரியும், தொறந்தா ஒண்ணும் இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூனு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஓட்டிப் பாருங்க.

இங்க் பேனா | 10:40
350 ரூபாய்க்கு பத்து நோட்டு வாங்கலாம்.

சும்மா வந்தவன் | 10:41
எந்த ஊர்லண்ணே? நோட்டு என்ன வெலன்னு கடைசியா எப்ப கேட்டீங்க?

டிடிபி தாத்தா | 10:55
பேனாக்காரர் நோட்டுன்னதும் ஞாபகம் வருது. அவரோட மொதல் தொகுப்பு யாரு டைப் பண்ணா? நான். பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சேன், ஃபைல் இன்னும் வச்சிருக்கேன். இப்ப அத ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா அம்மாங்கற எடத்துல எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். காப்பி இருக்கு, ஆனா யாருக்கும் படிக்க வராது. எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியற யூனிகோடுக்கு மாத்தி வைய்யான்னு 2010லயே சொன்னேன், அரசாங்கமே ஆணை போட்ட வருஷம். கேட்டாரா? "அதெல்லாம் எழுத்தாளன் வேலையில்ல"ன்னார். அட்டைல நன்றின்னு ஒரு வரி போடல, அது தனி.

இங்க் பேனா | 11:02
நன்றி போடலங்கறத இருபது வருஷமா சுமக்குறீங்க. பதினோரு எடத்துல எழுத்துப்பிழை விட்டதுக்கு நான் ஒரு வார்த்த கேட்டேனா? ஒற்று எங்க மிகும் எங்க மிகாதுன்னு தெரியாம அடிச்சுட்டு...

டிடிபி தாத்தா | 11:04
ஒம்பது. பதினொண்ணு இல்ல.

சும்மா வந்தவன் | 11:05
தாத்தாவுக்கு எதா இருந்தாலும் கொறைச்சுத்தான் எண்ண வரும் போல.

தென்காசிக்காரி | 11:09
பாமினின்னு சொன்னதும் நல்லதாப் போச்சு. தாத்தா, எங்க அப்பாவோட பழைய கதைங்க எல்லாம் பாமினில இருக்குன்னு, மாத்தித் தாறேன்னு சொல்லி என்கிட்ட ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கிட்டுப் போனீயளே, ஞாபகம் இருக்கா? புத்தகக் கண்காட்சில டீ குடிச்சுக்கிட்டே குடுத்தேன். ரெண்டு வருசமாச்சு. அதுல என் நாவலோட மொத பாதியும் கெடக்கு. அதையும் சேத்தா நாலு காப்பி. அத எப்ப தாறீய?

டிடிபி தாத்தா | 11:26
அது பத்திரமா இருக்கு.

தென்காசிக்காரி | 11:27
எங்க?

டிடிபி தாத்தா | 11:38
பரண்ல. போன தீபாவளிக்கு எடுத்து மாட்டினேன், டக் டக்னு ஒரு சத்தம் வந்தது, உடனே கழட்டிட்டேன். கன்வெர்ட்டர்ல போட்டு எடுக்கணும்னுதான் இருக்கேன், ஒரு ஃபைல்ல பாமினியும் வேற ஏதோ ஃபான்ட்டும் கலந்து அடிச்சிருக்காங்க, பாதி மாறும் பாதி மாறாது, கைலதான் பாக்கணும். கண்ணு முன்ன மாதிரி இல்ல.

லினக்ஸ் லிங்கம் | 11:40
சார் டக் டக்னு சத்தம் வந்தா உள்ள டேட்டாவ படிக்கிற ஹெட் போகுதுன்னு அர்த்தம், தயவுசெஞ்சு திரும்ப கரண்ட் குடுக்காதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட நேரா குடுங்க.

தென்காசிக்காரி | 11:44
தீபாவளிக்கு சத்தம் வந்துச்சாம், இன்னிக்கு சொல்லுதாவ. எனக்கு காப்பி எண்ண சொல்லிக் குடுக்க வந்துட்டாவ. அப்பா ஃபைலுக்கு வேற எடமே கெடையாது தாத்தா, அவரு கம்ப்யூட்டர எடைக்குப் போட்டாச்சு.

டிடிபி தாத்தா | 11:58
ஒரே காப்பிய எங்கிட்ட குடுத்துட்டு வேற வைக்காம விட்டது யாரு தப்பு? நான் கேட்டனா இதுதான் ஒரிஜினலான்னு? சரி, கேட்டிருக்கணும். ஆனா நீங்களும் சொல்லியிருக்கணும். இத வச்சு மெயில் கணக்க மாத்த முடியாது. அது வேற இது வேற. ரெண்டுதான்.

இங்க் பேனா | 12:03
என் முதல் தொகுப்பு ஃபைல் எதுல இருக்கு? அதே பரண்லயா?

தென்காசிக்காரி | 12:04
ஞாயித்துக்கெழம சென்னை வாறேன். கூரியர்ல அனுப்ப வேணாம், கைலதான் வாங்குவேன். மூணு.

லினக்ஸ் லிங்கம் | 12:06
அக்கா வரும்போது துணி சுத்தி பேக்ல வச்சு எடுத்துட்டுப் போங்க, ஆட்டாதீங்க. போன் இல்லாட்டியும் மெயிலுக்குள்ள போக உதவுற பேக்கப் கோடு பிரிண்ட் எடுத்துட்டீங்களா?

சும்மா வந்தவன் | 12:15
அந்த டெஸ்ட் சாஃப்ட்வேர் பேரு மறுபடி சொல்லுங்க தம்பி. பென் டிரைவ்ல கல்யாண ஆல்பத்த போட்டு வச்சிருக்கேன், தொறக்க மாட்டேங்குது.