சிலாங்கூர் பெர்ஜுந்தைக்கு வந்த அந்த டேட்டிங் நாடகம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

செம்பனைக்காடு:
நாடகம் முடிந்து ஊரே மறந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. டேட்டிங் ஆப்பில் துணை தேடுகிறவர்களின் கதை, எல்லாருக்கும் தெரியும். அட்டையில் செய்த பெரிய கைப்பேசிச் சட்டம், அதற்குள் தலையை நீட்டிக்கொண்டு "சொந்த மைவி கார், கடன்னு பார்த்தா படிப்புக்கு வாங்கின பிடிபிடிஎன் மட்டும்தான்" என்று கெஞ்சும் பையன், விளக்குமாற்றால் அவனை இடப்பக்கம் தள்ளிவிட்டுப் போகும் பெண்கள், அதெல்லாம் சரி, வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் சொல்ல வந்தது இடைவேளைக்கு அப்புறம் நடந்தது. தரகர் ஆன்டி வேஷம் கட்டியவர் மைக்கோடு மேடையை விட்டு இறங்கி வந்தாரே, அது. "யார் யார் சிங்கிள், கையைத் தூக்கு" என்றதும் யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டமாகத் தூக்கினார்கள், விசிலடித்தார்கள். மனுஷன் அத்தோடு மேடைக்குத் திரும்பியிருக்கலாம். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய் மைக்கை நீட்டி, "அக்கா, நீங்க?" என்றார்.

கே.எல்.-இல் (கோலாலம்பூரில்) இதைக் கேட்டால் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, சிரித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே டேவானில் (மண்டபத்தில்) இருந்த பாதிப் பேர் அந்த அக்காவோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், மீதிப் பேர் அவருக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள். எனக்குப் பக்கத்தில் கச்சாங் பூத்தே மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அக்கா மைக்கைத் தொடவே இல்லை. எழுந்து நின்று, "தம்பி, முந்தானைக்குப் பின் குத்தலயா, நழுவுது பாரு" என்று தன் தோளில் இருந்த பின்னைக் கழற்றி, அந்த ஆளின் புடவையை ஒழுங்காக மடித்துக் குத்திவிட்டு உட்கார்ந்தார். அந்த நடிகருக்கு அடுத்த வசனமே மறந்துபோய்விட்டது. டேவான் அதிரக் கைதட்டினோம். நான் எதற்குக் கைதட்டினேன் என்பதுதான் இப்போது புரியவில்லை. பாவம் அந்த அக்கா, தம்பி தங்கச்சிகளைக் கரையேற்றவே வயசு போய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள்.

கிராணி வீட்டுப் பெண்:
அண்ணன், நீங்கள் நல்ல நகைச்சுவை நாடகத்தை ஒப்பாரி ஆக்கிவிட்டீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன், அந்த அக்கா சிரித்துக்கொண்டேதான் குத்திவிட்டார். எனக்குள் நிற்பது வேறு காட்சி. கதாநாயகி ஊருக்கு லீவில் வந்திருக்கும்போது ஆப்பைத் திறந்து, தூரத்தைக் குறைத்து வைப்பாளே, வரிசையாக வருகிற முகமெல்லாம் சித்தப்பா மகன், டியூஷன் வாத்தியார், கோயில் பூசாரியின் மச்சான்! கே.எல்.-இல் உட்கார்ந்து எழுதியவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன், ஏனென்றால் எனக்கு அப்படியே நடந்தது. டிண்டர் ஆப் 2012-இலேயே வந்துவிட்டது, நான் அதைத் தொட்டது கோவிட் நேரத்தில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோதுதான். முதலில் வந்த முகம் எங்கள் பழைய தோட்ட லயத்து வரிசை வீடுகளில் நாலு வீடு தள்ளி இருந்த அண்ணன். ஒரே லயத்தில் வளர்ந்தால் ரத்த சொந்தம் இருக்கிறதோ இல்லையோ எல்லாரும் அண்ணன் தங்கச்சிதானே. பழைய படம் வேறு, எங்கள் கோயில் தீமிதியில் மஞ்சள் வேட்டியோடு நிற்கிறார். என்ன செய்வது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் ரொட்டிச் சானாய் கடையில் அவர் என்னைப் பார்த்து, "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டார். அவர் போனில் என் படம் வந்ததா இல்லையா என்று இன்று வரைக்கும் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது, அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

சபாவில் டீச்சர்:
கல்யாண ரெஜிஸ்டர் காட்சியைப் பற்றி யாருமே எழுதவில்லையா? சட்டப்படி கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, அவன் ஒரு பக்கம் இவள் ஒரு பக்கம் மோட்டாரில் போய்விடுவார்கள். ராத்திரி இவள் போனில் குசுகுசு என்று பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா கதவைத் தட்டுவார். "யார்கூட பேசுற?" "புருஷன்கூட." "தாலி ஏறட்டும், அப்புறம் பேசு!"

நாங்கள் ரெஜிஸ்டர் செய்ததே இடமாற்றத்துக்காகத்தான். எனக்கு முதல் போஸ்டிங் கடல் தாண்டி சபா, அவருக்கு இங்கே சிலாங்கூர், கணவரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டால் கொஞ்சமாவது கிடைக்குமே என்று. சடங்கு, மண்டபம் எல்லாம் பணம் சேர்த்தபிறகு என்று தள்ளிப் போட்டோம். இடையில் நான் லீவில் வந்தால் அவர் எங்கள் வீட்டு முன்வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து மைலோ குடித்துவிட்டுப் போவார், ஏழு மணி ஆனால் அம்மா வாசல் கேட் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தட்டிப் பார்த்தால் நான் கல்யாணம் ஆனவள், அம்மாவுக்கு நான் இன்னும் கல்யாணத்துக்கு நிற்கும் பெண். அன்றைக்கு அந்த வசனத்துக்கு டேவானிலேயே பலமாகச் சிரித்தது என் அம்மா! சிரித்து, கண்ணைத் துடைத்து, பக்கத்தில் இருந்த அத்தையிடம், "இப்படியும் அம்மா இருக்காங்க பாருங்க" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற மண்டோர்:
நான் பாதி நேரம் தூங்கிவிட்டேன், ஒலிபெருக்கி காதைக் கிழித்ததால் மீதி நேரம் விழித்திருந்தேன். எங்கள் காலத்தில் தோட்டத்தில் திருவிழா என்றால் நாங்களே நாடகம் போடுவோம், பெண் வேஷத்துக்கு மீசை எடுக்க மாட்டேன் என்று சண்டை நடக்கும். அது போகட்டும்.

டீச்சர் பிள்ளை சொன்னதற்கு வருகிறேன். இளம்பிள்ளைகள் வீட்டுக் கடனுக்கும் இடமாற்றத்துக்கும் அவசரமாகப் போய் ரெஜிஸ்டர் செய்துவிடுகிறீர்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது, பதிவு செய்தால்தான் சட்டப்படி கல்யாணம். ஆகவே நீங்கள் வெறும் ஃபாரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதுதான் கல்யாணம். மண்டபத்தில் நடப்பது சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. மனசு மாறிவிட்டால் "இன்னும் தாலி கட்டலையே" என்று எழுந்து போக முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். அதுவும் கல்யாணத் தேதியிலிருந்து 2 ஆண்டு ஆகாமல் மணவிலக்கு மனு போட முடியாது, அசாதாரணமான சூழ்நிலை அல்லது கடுமையான துன்பம் என்று நீதிபதியிடம் காட்டி அனுமதி வாங்கினால் ஒழிய. 21 வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் தங்கை மகன் ஒருத்தன் இப்படிச் சிக்கி, ரெஜிஸ்டர் செய்த பெண்ணும் சரியில்லை என்று ஆகி, புதிதாகப் பார்த்த பெண் வீட்டில் ஐசி-யைக் கேட்டதும் குட்டு உடைந்து, நான்தான் வக்கீல் அலுவலகத்துக்குக் கூடப் போனேன். முதலில் குணம் பாருங்கள், அப்புறம் குடும்பம், அப்புறம் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

யூனிசெல் பையன்:
ஐயா, நாடகத்தைப் பற்றிக் கேட்டால் சட்ட வகுப்பு எடுக்கிறீர்கள். (கடன் விஷயம் மட்டும் சரி.)

எனக்கு எரிச்சல் வந்த இடம் ஒன்றுதான். கே.எல். மாப்பிள்ளை பெண் பார்க்க வரும்போது, "இந்தச் செம்பனைக் காட்டுல லைனே கிடைக்காது, காதல் எங்க கிடைக்கும்" என்பான். எல்லாரும் சிரித்தார்கள். மலேசியாவிலேயே முதன்முதலில் வணிகத்துக்காகச் செம்பனை (பாமாயில் மரம்) நட்டது 1917-இல், தென்னமரம் என்று பெயர் கொண்ட நம் தோட்டத்தில். இவன் வறுத்துத் தின்கிற எண்ணெயே இங்கிருந்து கிளம்பிய கதைதான். என் முன்னால் உட்கார்ந்திருந்த தாத்தா மட்டும் சிரிக்காமல், "இவன் குலை வெட்டுவானா?" என்று பக்கத்தில் கேட்டார். அந்தத் தாத்தா மேடை ஏறியிருந்தால் நான் இன்னும் 30 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருப்பேன்.

மூன்றாவது வரிசை:
செம்பனைக்காடு அண்ணன் எழுதிய அக்கா என் பெரியம்மா. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி தங்கச்சிகளுக்காகத் தியாகம் என்று ஊரில் சொல்வது சும்மா. எங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தது தாத்தா. வந்த மாப்பிள்ளைகளைப் பெரியம்மாவுக்கே பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவர் பெண் பார்க்க வந்த இடத்தில் தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்காக வேண்டாம் என்றாராம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, தியாகம் என்றால் நம்பிவிடுகிறார்கள்.

அன்றைக்குக் காரில் வரும்போது "மனசு கஷ்டமா இருக்கா பெரியம்மா?" என்று நான்தான் கேட்டேன், பயந்துகொண்டே. "எதுக்கு?" என்றார். நிஜமாகவே எதற்கென்று தெரியாமல் கேட்டாரா, என் வாயை அடைக்கக் கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ரவாங் வரும்வரை அந்தப் புடவை கட்டிய விதத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கொசுவம் வலப்பக்கம் பார்த்து மடித்திருந்ததாம், ஆம்பளை கட்டினாலும் ஒரு பொம்பளை பார்த்து அனுப்பக் கூடாதா என்று. ஆகவே "பாவம்" எல்லாம் வேண்டாம், அவர் இதைப் படிப்பார்.

செம்பனைக்காடு:
சரி தங்கச்சி, அந்த வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். நாற்காலி விஷயம் அருமை.

ஓய்வுபெற்ற மண்டோர்:
மகளே, கோபித்துக்கொள்ளாதே. கோல சிலாங்கூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், மனைவி இறந்து நாளாகிறது, பென்ஷன் வருகிறது, குடி கிடையாது. எந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காருவார். பெரியம்மாவின் ஜாதகம் இருந்தால்

மூன்றாவது வரிசை:
ஐயா, வேண்டாம்.

ஓய்வுபெற்ற மண்டோர்:
நட்சத்திரம் மட்டுமாவது சொல்.