600 போஸ்ட்கார்டு அனுப்பி 4 போன்தான் வந்துச்சு: தப்பு லிஸ்ட்லயா, கார்டுலயா?

புதுசு_இர்விங்:
எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இர்விங்ல இருக்கேன், ஐடி வேலை. பழைய வீடா ஒண்ணு வாங்கி, சரிபண்ணி வாடகைக்கு விடணும்னு ரெண்டு வருஷமா ஆசை. எம்எல்எஸ்ல (ஏஜென்ட்டுங்க விற்பனைக்குப் பதியுற லிஸ்ட்) வர்ற வீடு எதுவும் கணக்குக்கு ஒத்து வரல. விற்கணும்னு அவசரத்துல இருக்கிறவங்களுக்கு நேரா தபால் போடுங்கன்னு பல பேர் சொன்னாங்க.

காசு குடுத்து ஒரு லிஸ்ட் வாங்கினேன். ப்ளெசன்ட் க்ரோவ், மெஸ்கீட், கார்லண்ட் மூணும் கலந்து 600 பேர். அச்சடிக்கிற கடைக்காரரே மார்க்கெட்டிங் மெயில்ல, அதாவது மொத்தமா அனுப்புற விளம்பரத் தபால்ல போட்டுட்டார், விலை குறைவுன்னு. வந்தது நாலு போன். ஒருத்தர் என்னையும் என் பரம்பரையையும் திட்டினார். ஒருத்தர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். ஒரு பாட்டி, அவங்க வீட்டுக்காரர் பேருக்கு இன்னும் ஏன் தபால் வருதுன்னு கேட்டாங்க, அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சாம். நாலாவது ஆள் ஜில்லோ சைட் கணிச்ச விலைக்கு மேல 20,000 டாலர் கேட்டார். மத்தபடி கிணத்துல கல்லைப் போட்ட மாதிரிதான்.

இதுல யாராவது உண்மையிலேயே வீடு வாங்கியிருக்கீங்களா?

கார்லண்ட்காரன்:
வாங்கியிருக்கேன் தம்பி. ஒன்பது வருஷத்துல தபால் வழியா அஞ்சு வீடு. பெரிய எண்ணிக்கை இல்ல, ஆனா அஞ்சும் கையில இருக்கு.

600க்கு நாலு போன்ங்கிறது மோசம் இல்ல. ஒரு தடவை அனுப்பிட்டு நிறுத்தினதுதான் மோசம். உங்க கார்டு போய் விழுற அன்னிக்கு அந்த வீட்டு உரிமையாளருக்கு விற்கிற எண்ணமே இருக்காது. மூணு மாசம் கழிச்சு குடியிருக்கிறவன் சொல்லாம கொள்ளாம காலி பண்ணுவான், இல்ல ஆகஸ்ட் வெயில்ல ஏசி படுத்துக்கும். அன்னிக்கு யார் கார்டு கண்ணுல படுதோ அவனுக்குத்தான் போன். நான் 400 பேருக்கு மேல வச்சுக்கிறதில்ல. அதே 400 பேருக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தரம், வருஷம் பூரா.

லிஸ்ட்டுக்குக் காசு குடுக்காதீங்க. அதே லிஸ்ட்டை இன்னும் முப்பது பேர் வாங்கியிருப்பான். வரிக்காக வீட்டு மதிப்பு போடுற டல்லாஸ் கவுன்ட்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் சைட்ல வீட்டு விவரமெல்லாம் இலவசமாவே இறக்கிக்கலாம். வீடு ஒரு ஊர்ல, உரிமையாளரோட தபால் விலாசம் வேற மாநிலத்துல, வாங்கி பதினஞ்சு வருஷத்துக்கு மேல: முதல்ல இவங்களைப் பிரிங்க. அடுத்தது வரி பாக்கி. இங்க சொத்து வரிக்குக் கடைசி நாள் ஜனவரி 31. தாண்டினா பிப்ரவரியிலேயே 6 சதவீத அபராதம், அதுக்கு மேல மாசம் 1 சதவீதம் வட்டி. ஜூலை 1 வந்தா அபராதம் 12க்குப் போயிடும், வசூல் வக்கீல் செலவுன்னு 20 சதவீதம் வரைக்கும் கூட ஏறலாம். அதனால வரி பாக்கி லிஸ்ட்டுக்கு நான் ஜூன் முதல் வாரத்துலதான் எழுதுவேன். ஆனா 65 வயசு தாண்டினவங்க குடியிருக்கிற வீட்டு வரியைத் தள்ளிப்போட சட்டமே இடம் குடுக்குது. அவங்களுக்கு நெருக்கடி எதுவும் இல்ல, லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க.

இப்ப நீங்க பண்ணின பெரிய தப்பு. மார்க்கெட்டிங் மெயில் போய்ச் சேரலன்னா போஸ்ட் ஆபீஸ் குப்பையில போட்டுடும், உங்களுக்குத் திரும்பாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் ஸ்டாம்ப் ஒட்டினா காரணத்தை எழுதி மஞ்சள் ஸ்டிக்கரோட இலவசமாத் திருப்பி அனுப்புவாங்க. ஸ்டாம்ப் 2025 ஜூலையில 78 சென்ட் ஆச்சு, வலிக்கத்தான் செய்யும். ஆனா என் அஞ்சு வீட்டுல ரெண்டு, திரும்பி வந்த லெட்டர்ல கிடைச்சது.

ப்ளெசன்ட் க்ரோவ்ல 1956ல கட்டின வீடு ஒண்ணு. லெட்டர் ‘வேகன்ட்’னு (யாரும் குடியில்லன்னு) மஞ்சள் ஸ்டிக்கரோட திரும்பி வந்துச்சு. மத்தவன் அதோட விட்டுருவான். நான் நேர்ல போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரம் புல், கதவுல சிட்டி ஒட்டின நோட்டீஸ் வெளுத்துக் கிடக்கு. கவுன்ட்டி சைட்ல மூணு வருஷ வரி பாக்கி, 11,000 டாலருக்குக் கொஞ்சம் மேல. உரிமையாளர் பேரை இரங்கல் செய்தியில தேடினா ஆள் தவறிட்டார், மூணு பிள்ளைங்க, ஒருத்தர் ஆர்கன்சால. மூணு பேருக்கும் தனித்தனியா கையால எழுதினேன். ரெண்டு மாசம் பதிலே இல்ல. அப்புறம் மூத்த மகள் கூப்பிட்டாங்க.

உயில் கிடையாது. சொத்து உரிமையைச் சரிபார்க்கிற டைட்டில் கம்பெனி சொன்னபடி, குடும்பத்தைத் தெரிஞ்ச, சொத்துல பங்கு இல்லாத ரெண்டு சாட்சிகளை வச்சு வாரிசு அஃபிடவிட், மூணு பேர் கையெழுத்து. நாலு மாசம் இழுத்துச்சு. மகளோட வீட்டைச் சுத்திப் பார்த்தப்போ சமையலறைக் கதவோட மேல் விளிம்பு சாய்வா இழைச்சிருந்தது. இந்தக் களிமண் கோடையில சுருங்கி வீடு சாயச் சாய, கதவு மூடணும்னு அந்த மனுஷன் வருஷாவருஷம் கொஞ்சம் இழைச்சு, மேல பெயின்ட் அடிச்சிருக்கார். வெள்ளை, க்ரீம், திரும்ப வெள்ளை. அவங்க அந்த விளிம்பைத் தடவிட்டு நின்னாங்க. அன்னிக்கு நான் விலை பேசல.

கணக்கு: சரிபண்ணினா 1,90,000 பெறும்னு ஏஜென்ட் நண்பர் சொன்னார். டெக்சஸ்ல விற்ற விலையை வெளியில சொல்லியாகணும்னு சட்டம் இல்ல, அதனால ஜில்லோவை நம்பாம எம்எல்எஸ் பார்க்கிற ஆளைக் கேளுங்க. சரிபண்ணின மதிப்புல 70 சதவீதம், அதுல ரிப்பேர் செலவைக் கழிச்சா வர்றதுதான் குடுக்கிற விலைன்னு ஒரு குத்துமதிப்புக் கணக்கு. 1,90,000ல 70 சதவீதம் 1,33,000. அடித்தளமும் துருப்பிடிச்ச வார்ப்பிரும்புக் குழாயும் சேர்ந்து 50,000 செலவு. மிச்சம் 83,000. அவங்க 1,00,000 கேட்டாங்க, 90,000க்கு முடிஞ்சது. வாடகைக்கு வச்சுக்கப் போறதால ஏறினேன், உடனே விற்கிற ஆளா இருந்தா ஏறியிருக்க மாட்டேன்.

மெஸ்கீட்_மதுரைக்காரி:
நான் இந்தத் தபாலை வாங்குற கட்சி. மெஸ்கீட்ல எங்களுக்கு ஒரு வாடகை வீடு இருக்கு, வாரத்துக்குக் குறைஞ்சது ரெண்டு வரும். என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர், அதனால விசா காலத்துலேர்ந்து எல்லாத்துலயும் முதல் பேர் இடத்துல எஃப்என்யூ, அதாவது ‘முதல் பேர் தெரியல’ன்னு இருக்கும். வர்ற கார்டுல பாதி “டியர் ஃப்னூ, உங்க வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு”ன்னு ஆரம்பிக்கும். எங்க வீட்டுல இப்ப அவருக்குச் செல்லப் பேரே ஃப்னூதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். ‘ஃபைனல் நோட்டீஸ்’னு சிவப்பு எழுத்துல, கவுன்ட்டியிலேர்ந்து வந்த மாதிரி கவர்ல அனுப்பாதீங்க. எனக்கு ஒருத்தன் அனுப்பினான், திறக்குற வரைக்கும் வயித்தைக் கலக்கிடுச்சு. அவன் லெட்டரைக் கிழிச்சுப் போட்டேன். மூணு வரி கையால எழுதி, முழுப் பேரும் இந்த ஊர் போன் நம்பரும் போட்ட ஒரு லெட்டரை மட்டும் ட்ராயர்ல வச்சிருக்கேன்.

விசாக்கவலை:
அண்ணே, நான் எச்1பி வேலை விசாவுல இருக்கேன். நானும் அனுப்பலாமா?

கார்லண்ட்காரன்:
வீடு வாங்கி வாடகை வாங்குறது வேற. லெட்டர் போட்டு, ஒப்பந்தம் போட்டு, அதை இன்னொருத்தனுக்குக் கைமாத்தி விடுறது வேற, அது வேலை. எச்1பில உங்க கம்பெனி தவிர வேற இடத்துல வேலை செய்யக் கூடாது. இமிக்ரேஷன் வக்கீலைப் பார்க்காம ஸ்டாம்ப் வாங்காதீங்க. கைமாத்துறதுக்கு இங்க தனிச் சட்டமும் இருக்கு: விற்கிறது வீடு இல்ல, ஒப்பந்த உரிமைதான்னு வாங்குறவங்ககிட்ட வெளிப்படையாச் சொல்லணும், 2017லேர்ந்து.

மதுரைக்காரி சொன்னதைக் கவனிங்க. கவுன்ட்டி ரெக்கார்டுல குடும்பப் பேர் முன்னாடி இருக்கும், தவறினவங்க பேரோட ‘எஸ்டேட் ஆஃப்’னு (இன்னாரோட சொத்துன்னு) இருக்கும், அப்படியே கம்ப்யூட்டர்ல விட்டா “டியர் எஸ்டேட் ஆஃப்”னுகூடப் போகும். செத்தவங்க வீட்டுக்கு அப்படி ஒண்ணு போச்சுன்னா அதோட முடிஞ்சது. 400 பேரையும் ஒவ்வொரு வரியா கண்ணால பார்த்துத்தான் அனுப்புறேன், ரெண்டு ராத்திரி ஆகும்.

புதுசு_இர்விங்:
ரொம்ப நன்றிண்ணா. மிச்சமிருக்கிற கார்டை எடுத்துப் பார்த்தேன், ரிட்டர்ன் அட்ரஸே போடலை. ஸ்டாம்ப் ஒட்டியிருந்தாலும் திரும்பி வந்திருக்காது. அந்தப் பாட்டி வீட்டுக்காரர் பேரை லிஸ்ட்லேர்ந்து அழிச்சுட்டு, அவங்ககிட்ட போன்ல மன்னிப்புக் கேட்டேன். இப்ப ப்ளெசன்ட் க்ரோவ் மட்டும் 140 பேர் வச்சிருக்கேன்.

கார்லண்ட்காரன்:
140 போதும். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கு. சனிக்கிழமை காலையில அந்தத் தெருக்கள்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க, மெயில் பாக்ஸ் நிரம்பி வழியிற வீட்டையெல்லாம் குறிச்சுக்குங்க. அடுத்தவங்க பெட்டியைத் திறந்து எதையும் போட்டுடாதீங்க, ஸ்டாம்ப் ஒட்டாம அதுக்குள்ள போடுறது சட்டப்படி குத்தம்.