மூவழி வால்வுக்குப் பதிலாக இரண்டு இருவழி வால்வுகள்: ஆலோசனை தேவை

வணக்கம். இங்கிலாந்தில் உள்ள எங்கள் வீட்டில், பாய்லரின் வெந்நீரை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் சுடுநீர் சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் மூவழி மோட்டார் வால்வு சரியாக மூடாததால், சிலிண்டரை மட்டும் சூடாக்கும் கோடையிலும் மாடி ரேடியேட்டர்கள் கொதிக்கின்றன. வயதான என் தாயார் மாடி அறை ஒன்றில்தான் உறங்குகிறார்.

அதே வகை வால்வை மீண்டும் வாங்குவதைவிட, 22 மி.மீ. செம்புக் குழாயை வெட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி இருவழி வால்வு வைப்பதே மேல் என்று கருதுகிறேன். ஒன்று பழுதானாலும் மற்றது இயங்கும். பரணில் தொட்டியுள்ள திறந்தவகை அமைப்பு என்பதால், காற்றுப்போக்கிக் குழாய்க்கும் பாய்லருக்கும் இடையே எந்த வால்வும் வரக்கூடாது என்பதை அறிவேன். எரிவாயுப் பகுதியைத் தொடமாட்டேன். அது ‘கேஸ் சேஃப்’ என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் பதிவு பெற்றவர்களின் பணி.

இரு வால்வுகளும் மூடிய பின்னரும் பம்ப் சற்று நேரம் ஓடி, பாய்லரில் தேங்கிய வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருப்பதால், அழுத்தம் கூடும்போது தானே திறந்து நீருக்கு மாற்றுவழி தரும் தானியங்கி பைபாஸ் வால்வு ஒன்றும் தேவைப்படுகிறது. அதைப் பம்புக்குப் பின், மோட்டார் வால்வுகளுக்கு முன் பொருத்தலாம் என நினைக்கிறேன். ஆனால் அதன் மறுமுனையை, நீர் பாய்லருக்குத் திரும்பும் திரும்புகுழாயில், சிலிண்டரின் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்பு இணைப்பதா, பின்பு இணைப்பதா? இத்தகைய மாற்றத்தைச் செய்த அனுபவமுள்ள நண்பர்கள், இயன்றால் ஒரு வரைபடத்துடன், விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.