இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு: இரண்டு வகுப்பு முன்னால் படிக்கும் பிள்ளையின் அம்மாவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

லண்டனுக்கு வந்தபோது மூத்தவள் இயர் 4. பழக்கமெல்லாம் கணவரின் அலுவலக நண்பர்கள்தான். ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருகிற தங்கமான மனிதர்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகள் எல்லாம் நர்சரியில். தேர்வு எழுதித் தேறினால் மட்டுமே சேர்த்துக்கொள்ளும் அரசு உயர்நிலைப் பள்ளியான கிராமர் ஸ்கூல் பற்றிச் சொல்ல அந்த வட்டத்தில் ஒருவரும் இல்லை.

இயர் 6-இல் அக்டோபர் 31-க்குள் உள்ளூர் கவுன்சிலுக்குத் தரும் உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரை எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். இயர் 6 தொடங்கிய செப்டம்பரில், பள்ளி வாசலில் குடைக்குள் நின்றிருந்த ஒரு அம்மா, "உங்கள் மகள் இலெவன் பிளஸ் எப்படி எழுதினாள்?" என்று கேட்டார். கிராமர் ஸ்கூலில் சேர்வதற்கான அந்தத் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அது கோடையிலேயே முடிந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எழுதிப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

ஊரில் இதையெல்லாம் தேடிப் போக வேண்டியதில்லை. டீச்சர் அடுத்த தெருவில் இருப்பார், கவுன்சிலிங் முடித்த அத்தை பையன் வீட்டுக்கே வந்து சொல்வான். பிள்ளைகளின் நண்பர்களுடைய பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே பிள்ளைகளுக்கு ஒரு மூலதனம் என்று 1988-இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதினார். விமானம் ஏறும்போது நாம் அந்த மூலதனத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

எனக்கு அது திரும்பக் கிடைத்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். மூன்று பிள்ளைகளை இங்கே படிக்க வைத்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "மருத்துவம் எண்டால் அக்டோபர் பதினைஞ்சுக்கு முதல் யூனிவர்சிட்டி விண்ணப்பம் போடோணும் பிள்ளை. மற்றப் படிப்பு மாதிரி ஜனவரி எண்டு நினைச்சு இருந்திடாதேங்கோ." மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான யூகேட்டை அதற்கும் முன்பே எழுத வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் நமக்குள்ளேயே பழகிக்கொண்டு, முப்பது நாற்பது வருடமாக இங்கே வேரூன்றிய ஈழத்துக் குடும்பங்களைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுகிறோம். பெரிய இழப்பு.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உடனே சேருங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பள்ளி வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். பள்ளியின் கோடை விழாவில் கடை போட ஆள் கேட்டால் கை தூக்குங்கள், வடை நன்றாகவே போகும். அப்புறம், அப்பாக்களும் வாருங்கள்.

எந்தக் கவுன்சில், எந்த வகுப்பு என்று கீழே எழுதுங்கள். அந்தப் பகுதியில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இங்கேயே இருப்பார்கள்.