ச–ப பழகிய காதுக்கு ச–ம தந்திகள்: டபுள் பேஸோடு 14 மாதம்

மாமி முதலில் குளிர்சாதனப்பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தார். அதன் கதவைத் திறந்து, மூடி, பக்கத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தார். நான் ஈ தந்தியில் வில் போட்டுக்கொண்டிருந்தேன். வயலின் குடும்பத்தின் ஆகப் பெரிய வாத்தியமான டபுள் பேஸின் ஆகத் தடித்த தந்தி அது. நொடிக்கு 41 அதிர்வு. காதில் விழுமுன்பே காலில் ஏறிவிடும். அடுத்த ஏ தந்திக்குப் போனால் 55 அதிர்வு. அதற்கு மேல்வீட்டு அலுமாரியில் இருக்கும் சில்வர் தட்டுகள் கூடவே பாடும். "இதைப் படிக்கவா மாதா மாதம் காசு கட்டுகிறீர்கள், தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ரொறன்ரோ குயீன் வீதி மேற்கில் இருக்கும் ரெக்ஸில் ஓர் இரவு ஜாஸ் கேட்கப் போய், இடம் கிடைக்காமல் பேஸ்காரருக்கு இரண்டடி தள்ளி நின்றதில் பிடித்த பைத்தியம் இது. அப்போது எனக்கு வயது 43. சிறுவயதில் கொழும்பில் பத்து வருடம் கர்நாடக வயலின் படித்தவன் என்ற திமிரும் இருந்தது. அதே குடும்பத்து வாத்தியம், கொஞ்சம் பெரியது, அவ்வளவுதானே என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணம் முதல் வகுப்பிலேயே போய்விட்டது. வயலின் தந்தியின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். வெறும் தந்தியிலிருந்து முதல் அரைச்சுரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. இங்கே தந்தி 105 சென்டிமீட்டர். அதே அரைச்சுரத்துக்குக் கை ஆறு சென்டிமீட்டர் போக வேண்டும். என் ஆசிரியர் பின்பற்றுவது வியன்னாவில் வாழ்ந்த பிரான்ஸ் சிமாண்டல் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை. கழுத்துப் பகுதியில் ஆட்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுக்குத்தான் வேலை. மோதிர விரல் தனியாக எதையும் பிடிக்காது, சுண்டுவிரலுக்குத் துணைநிற்கும். கையை முழுவதும் விரித்தாலும் பிடிபடுவது ஒரு முழுச்சுரம்: ச-வில் ஆட்காட்டி விரலை வைத்தால் சதுஸ்ருதி ரிஷபத்தோடு கை தீர்ந்துவிட்டது. காந்தாரம் வேண்டுமென்றால் முழங்கையோடு இடம்பெயர வேண்டும்.

சுருதி சேர்ப்பில் இன்னொரு சங்கடம். நம் வயலின் ச–ப–ச–ப. டபுள் பேஸில் ஈ, ஏ, டி, ஜி. ஒரு தந்தியை ச என்று வைத்துக்கொண்டால் அடுத்தது சுத்த மத்யமம். பஞ்சமத்துக்குப் பழகிய காது ஒவ்வொரு முறை தந்தி மாறும்போதும் ஏமாந்தது. இரண்டு மாதம் தலை சுற்றியது. பிறகு தந்தி மாறும்போது மனதுக்குள் "ச, ம" என்று சொல்லிப் பார்த்தேன், சட்டென்று பிடிபட்டது. மேலைநாட்டு இசை எழுத்தைவிட எனக்கு அதுதான் உதவியது. ஆசிரியருக்கு அது இன்னும் விளங்கவில்லை, சிரித்துக்கொள்வார்.

கமகம் வேறு. ஏதாவது ஒரு சுரத்தில் நீண்ட நேரம் நின்றால் கை தானாக ஆடத் தொடங்கும். "ஏன் அதைத் தாலாட்டுகிறீர்கள்?" என்று கேட்டார் ஆசிரியர். ஆனால் ஒரு விஷயத்தில் நம் வழியே சரியாக அமைந்தது. மெட்டுக்கட்டைகள் இல்லாத வாத்தியம் என்பதால் சுரம் நிற்கும் இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே சுரத்தைப் பின்னால் ஒலிக்கவிட்டுப் பயிற்சி செய் என்றார். கைப்பேசியில் கிடந்த தம்புராவை டி-யில் வைத்து ஓடவிட்டேன். இப்போது தன்னுடைய மற்ற மாணவர்களுக்கும் தம்புராவைத்தான் போட்டுக்காட்டுகிறாராம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். முக்கால் அளவு என்று சொன்னால் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், பெரியவர்கள் பெரும்பாலும் வாசிப்பது அதைத்தான். அதுவே ஆறடி உயரம். என் காரில் முன்னிருக்கையை முழுக்கச் சாய்த்தால் மட்டும் ஏறும், தலைப்பகுதி கண்ணாடியை முட்டிக்கொண்டிருக்கும். மாசியில் வெளியே மைனஸ் 15இல் இருந்து உள்ளே கொண்டுவந்தால் உறையை உடனே திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுபோய் முன்பலகை வெடிக்கும், ஈரமூட்டும் கருவி கட்டாயம்.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுத் தந்தி மாட்டும் ஆசையில் நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினேன். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரை என் கையில் வந்தது. உள்ளே "டொக்" என்று ஏதோ விழுந்து உருண்டது. அதுதான் சவுண்ட் போஸ்ட்: முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், பசை இல்லாமல், தந்திகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சிறு மரக்குச்சி. பழுதுபார்ப்பவர் வளைந்த கம்பி ஒன்றைப் பக்கத்துத் துளை வழியாக விட்டு அதை மறுபடி நிறுத்த இருபது நிமிடம் எடுத்தார். திட்டவில்லை. இந்த வாரம் வந்த மூன்றாவது ஆள் நான் என்று மட்டும் சொன்னார்.

உங்களில் யாராவது இதைத் தொட்டிருந்தால் எழுதுங்கள்.

—

அண்ணா, சென்னையிலிருந்து எழுதுகிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் 12 வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவன். நான்கு தந்தியும் அதே ஈ, ஏ, டி, ஜி என்பதால் பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். முதல் வாரமே வலது ஆட்காட்டி விரலில் கொப்புளம். விரல் நுனியால் மீட்டக் கூடாது, விரலின் பக்கவாட்டை முழுதாகத் தந்தியில் கிடத்தி இழுக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இடக்கைக் கட்டைவிரலால் கழுத்தை நெரித்து நெரித்து மணிக்கட்டு வீங்கியது. அமுக்குவது கட்டைவிரல் அல்ல, தொங்கும் கையின் எடை. அதைப் புரிந்துகொள்ள ஆறு மாதம்.

பக்கத்தில் ஆசிரியர் யாரும் அமையாததால் இணையத்தில்தான் படிக்கிறேன். மடிக்கணினி ஒலிபெருக்கியில் ஈ தந்தியின் அடிச்சுரம் வரவே வராது. அதனால் என் ஆசிரியர் அதைக் கேட்பதில்லை, தந்தி அதிர்வதைப் பார்த்தே சொல்கிறார்! மே மாதத்தில் வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் கட்டி உருகி உறையின் துணியில் ஊறிவிட்டது. டபுள் பேஸ் ரோசின் வயலினுடையதைவிட இளகியது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மனம் சோரும்போது டபுள் பேஸ் கலைஞர் பிரான்சுவா ரப்பாத்தை நினைத்துக்கொள்வேன். 1931இல் சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். எட்வார் நான்னி எழுதிய பாடப்புத்தகம் ஒன்றை வைத்துத் தானாகப் பழகியவர். அந்த நான்னியைப் பார்க்கவென்று பாரிஸுக்குப் போனால், அவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. என் ஆசிரியராவது திரையில் இருக்கிறார்.

—

லண்டனில் என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி வாத்தியக்குழுவில் வயலினுக்கு வரிசை நீளமாக இருந்ததால் இதைக் கொடுத்தார்கள். கால் அளவு பேஸ்கூட அவளைவிட உயரம். பள்ளியில் ஒன்று, வீட்டில் வாடகைக்கு ஒன்று, அதனால் தூக்கிச் செல்லும் தொல்லை இல்லை. ஒரு சந்தேகம்: வில்லை மேலிருந்து பிடிப்பதா, கீழிருந்து பிடிப்பதா? இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நின்றால் இடுப்பு வலிக்கிறது என்றும் சொல்கிறாள்.

—

அக்கா, இரண்டும் சரிதான். மேலிருந்து பிடிப்பது பிரெஞ்சு வில், வயலின் பிடிக்குக் கிட்ட. நான் அதனால்தான் அதை எடுத்தேன். கீழிருந்து பிடிப்பது ஜெர்மன் வில், 'வயல்' (viol) எனும் பழைய ஐரோப்பிய வில் வாத்தியங்களின் பிடி. வில்லின் அடிக்கட்டையே வேறு மாதிரி இருக்கும், ஆகவே ஒன்றை வைத்து மற்றதைப் பழக முடியாது. மகள் எந்த ஆசிரியரிடம் தொடரப்போகிறாளோ அவர் சொல்வதை எடுக்கட்டும்.

இடுப்புவலிக்கு அடியில் நீளும் கம்பியைப் பாருங்கள். முதல் நிலையில் ஆட்காட்டி விரல் கண் உயரத்துக்கு வர வேண்டும். தாழ்வாக இருந்தால் குனிவாள். வாத்தியத்தை இடுப்பில் சாய்த்து, இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்; விழாமல் நின்றால் சரி. அல்லது உயரமான முக்காலியில் உட்கார்ந்தே வாசிக்கலாம், இசைக்குழுக்களில் பலர் அப்படித்தான்.

சென்னைத் தம்பி, ரோசினைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், நொறுங்கும். நிழலான அலுமாரி போதும். எங்கள் வீட்டு அலுமாரியில் தட்டுகளுக்கு நடுவே மாமி பழைய சேலைத்துண்டுகளை மடித்து வைத்துவிட்டார். ஏ தந்திக்கு இப்போது பாடுவது ஒரே ஒரு மூடிதான். அது எந்தப் பாத்திரத்து மூடி என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.